தென்துருவத்துச் சேறும் ஒரு லோடு புளியும்

'முடியாது' என்ற சொல்லை நான் இதுவரை ஒழுங்காக உச்சரித்ததில்லை. என் வாயில் அது 'பார்க்கலாம்' என்றோ 'ட்ரை பண்றேன் சார்' என்றோதான் வெளியே வரும். நாக்கின் அமைப்பு அப்படி. அந்தச் சொல்லை அதன் முழு எடையோடு சொல்லத் தெரிந்த ஒருவரைப் பக்கத்தில் இருந்து பார்த்திருக்கிறேன் என்பதுதான் என் பெருமை. அந்த அம்மாள் சத்தம் போட மாட்டார். கையிலிருக்கும் டீ கிளாஸைக் கீழே வைப்பார். ஞாயிற்றுக்கிழமை கடை உண்டா என்று கேட்டவருக்குப் பதில் சொல்வது போல, "முடியாது" என்பார். பிறகு கிளாஸை எடுத்துக்கொள்வார். எதிரில் இருப்பவருக்குத்தான் டீ ஆறிப்போகும்.

பூந்தமல்லியிலிருந்து பாரிவாக்கம் போகும் வழியில் ஒரு குளிர்பதனக் கிடங்கில் அப்போது நான் மேனேஜர். படித்தது எம்.ஏ. தத்துவம். நிலையாமையைப் பற்றி இரண்டு வருடம் படித்துவிட்டு, சரக்கு கெடாமல் பார்த்துக்கொள்வதைப் பிழைப்பாகக் கொண்டவன். நான்கு அறைகள். மிளகாய், பேரீச்சை, எல்லாவற்றுக்கும் மேலாகப் புளி. குளிரில் வைத்த புளி கறுக்காது, பூச்சி பிடிக்காது. முதலாளியின் குடும்பம் அந்த மண்ணில் தலைமுறைகளாக நெல் போட்டது. ஏரித் தண்ணீர் வருவது நின்று வீட்டுமனைக் கற்கள் முளைத்த பிறகு, மிஞ்சிய நிலத்தில் அவர் கிடங்கு கட்டினார். நெல்லைவிட ஐஸ் நன்றாக விளைகிறது என்பார்.

அங்கேதான் அந்த அம்மாள் ஒரு டெம்போவில் சேறு கொண்டு வந்து இறங்கினார்.

சாதாரணச் சேறு இல்லை. தென்துருவத்தைச் சுற்றியுள்ள கடலின் அடியில், கப்பலிலிருந்து நீளக் குழாயை இறக்கி எடுத்த சேறு. குழாயைத் துண்டு துண்டாக நறுக்கி, ஒவ்வொன்றையும் வெள்ளரிக்காய் போல நீளவாக்கில் பிளந்திருந்தார்கள். ஒரு பாதியைச் சுரண்டி ஆராய்ச்சிக்குத் தீர்த்துவிடுவார்களாம். மறுபாதியை யாரும் தொடக்கூடாது, ஈரம் காயாமல் குளிரில் வைக்க வேண்டும். டெம்போவில் வந்தது தொடக்கூடாத பாதி. அவர் வேலை பார்த்த ஆராய்ச்சி நிலையத்தில் குளிர் அறை பழுதாகிவிட்டது. பழுது பார்க்கும் கோப்பு ஆமை வேகத்தில் நகர்ந்தது. மேலதிகாரி, "பழைய சேறுதானே, தூக்கிப் போட்டுடலாம், அடுத்த தடவை கப்பல் போனா புதுசா எடுத்துக்கலாம்" என்றிருக்கிறார். அந்த அம்மாள் டீ கிளாஸைக் கீழே வைத்திருக்கிறார்.

புளி வியாபாரத்தில் ஒரு பழக்கம் உண்டு. சரக்கு வந்தால் கட்டை விரலால் ஓர் அழுத்து, நாக்கில் ஒரு துளி. அதைச் செய்யாமல் சரக்கை உள்ளே விட்டால் அவன் வியாபாரியே இல்லை. முதலாளி பழக்க தோஷத்தில் ஒரு குழாயின் பிளாஸ்டிக் தாளை விலக்கி, அழுத்தி, நக்கிவிட்டார்.

"உப்புக் கரிக்குதே மேடம். இத்த எதுக்கு ஐஸ்ல வெக்கற?"

அந்த அம்மாள் அவருடைய வாயையே பார்த்தார். "முழுங்கிட்டீங்களா?"

"லைட்டா."

"அது போன பனியுகத்துக்கும் முந்தினது. ஒரு ஐந்நூறு வருஷம் உள்ள போயிருக்கும்."

முதலாளி அன்று மாலை வரை எதுவும் சாப்பிடவில்லை. அவருடைய கட்டை விரல் பள்ளம் அந்தச் சேற்றில் அப்படியே இருந்தது. அதன் பக்கத்தில் ஒரு சின்னக் கொடி குத்தி வைத்தார் அந்த அம்மாள். இங்கே மனிதன் வந்திருக்கிறான் என்பதற்கு அடையாளமாம்.

அவர் அம்பத்தூர்க்காரர். அப்பா அங்கே தொழிற்பேட்டையில் லேத் ஓட்டியவர். ஞாயிறு காலையில் சர்ச், மதியம் எங்கள் மூன்றாம் அறை. கப்பலில் கொடுத்த ஆரஞ்சு நிறக் குளிர் அங்கியைப் போட்டுக்கொண்டு உள்ளே போவார். கழற்றச் சோம்பல்பட்டு அதோடேயே டீக்கடைக்கு வருவார். மே மாதம், பாரிவாக்கம், உச்சி வெயில். டீக்கடைக்காரர் முதல் நாள் பயந்துபோய், "இன்னா மேடம், ஜுரமா?" என்றார். "இல்லண்ணா, தென்துருவம்" என்றார் இவர். கடைக்காரர் அதை ஏதோ ஒரு புது நோய் என்று நினைத்துச் சர்க்கரையைக் குறைத்துப் போட்டார்.

டீக்கடையில்தான் எனக்குப் பூமியின் பழைய வானிலை கிடைத்தது. அந்த அம்மாளிடம் கேட்காமலேயே கிடைத்தது. நான் ஒரு நாள், குளிர் அதிகமானதால் பனியுகம் வந்தது என்று ஏதோ படித்த தோரணையில் எடுத்துவிட்டேன்.

"தப்பு சார். குளிர் ஜாஸ்தியாகி வர்றதில்ல. கோடை சோம்பேறியாகி வரும்."

"கோடையா?"

"துருவத்துப் பக்கம் குளிர்காலம் எப்பவும் குளிர்தான். அதுல ஒண்ணும் புதுசு இல்ல. ஆனா பூமி சாய்ஞ்சுகினு சுத்துது பாருங்க, அந்தச் சாய்வு கொஞ்சம் கம்மியாச்சுன்னா, அங்க கோடை வெயில் மந்தமா விழும். வடக்கே நிலத்துல போன வருஷத்துப் பனி முழுசா கரையாது. அது மேல இந்த வருஷத்துப் பனி குந்தும். அதுமேல அடுத்தது. அவ்ளோதான் சார் பனியுகம். கரைக்க வேண்டியவன் வேலைக்கு வரல."

சாய்வு கூடிக் குறைய நாற்பதாயிரம் வருடச் சொச்சம். அச்சு பம்பரத் தலை போல ஒரு சுற்று தள்ளாட அதில் பாதிக்குக் கொஞ்சம் மேல். சூரியனைச் சுற்றிப் போகும் பாதை வட்டத்திலிருந்து முட்டையாகித் திரும்புவதற்கு ஒரு லட்சத்துப் பக்கம். இந்த மூன்று தாளமும் கலந்து விழுந்த கணக்கு அந்தச் சேற்றில் பட்டை பட்டையாக இருந்தது. வெளிர்பச்சைப் பட்டை என்றால் கடல் திறந்து கிடந்த வெதுவெதுப்பான காலம், கண்ணுக்குத் தெரியாத பாசி உயிர்களின் கூடு மழையாக இறங்கியது. சாம்பல் பட்டை என்றால் பனி மூடிய காலம். டார்ச் அடித்து எனக்குக் காட்டினார். லட்சம் வருடத்தை இரண்டு எட்டில் நடந்து கடந்தேன். வாழ்க்கையில் நான் வேகமாகச் செய்த ஒரே காரியம்.

இரண்டாம் அறையில் ஒரு நாள் ஃபேன் மோட்டார் கருகிவிட்டது. கம்ப்ரஸர் ஓடுகிறது, காற்று நகரவில்லை. குளிரூட்டும் சுருள் குழாயைச் சுற்றி ஐஸ் கட்டி, அதன் அருகிலிருந்த மூட்டைகள் விறைத்துவிட்டன. எதிர் மூலையில் இருந்தவை வேர்த்துக் கொட்டின. மிளகாய்க்காரர்களுக்கு என்ன பதில் சொல்வது என்று நான் தலையில் கை வைத்துக்கொண்டிருந்தபோது அந்த அம்மாள் ஓடி வந்தார். முகத்தில் கல்யாண வீட்டுக் களை.

"சார், இதேதான் சார்! மொத்தம் எவ்ளோ குளிர்னு கம்ப்ரஸர் சொல்லும். எங்க விறைக்கும், எங்க புழுங்கும்னு ஃபேன்தான் சொல்லும். கடலுக்கு ஃபேன் தண்ணி ஓட்டம். அட்லாண்டிக்ல தெற்குச் சூட்டை அள்ளிகினு வடக்கே போவும். அது தளர்ந்தா வடக்கு விறைக்கும், தெற்கு மெல்லச் சூடேறும். ஓட்டம் திரும்பிச்சுன்னா அப்படியே மாறும். ரெண்டு துருவமும் சீசா பலகை மாதிரி ஆடும் சார்!"

"மேடம், மிளகா வேர்க்குது."

"வேர்க்கட்டும். ஒரு நிமிஷம் இருங்க, ஃபோட்டோ எடுத்துக்கறேன்."

முதலாளிக்கு இந்த விஞ்ஞானம் வேறு விதமாகப் பயன்பட்டது. வெயிலால் கரண்ட் செலவு ஏறிவிட்டது, வாடகையை ஏற்றுகிறேன் என்று ஒரு வியாபாரியிடம் சொல்லிக்கொண்டிருந்தார். "நம்ம கைல இன்னா கீது? பூமியே ஆடுதாம்பா. அதான் இந்த வெயிலு. நம்ம மேடமே சொல்லிச்சு." அந்த நேரம் பார்த்து மூன்றாம் அறைக் கதவு திறந்து, புகை போன்ற குளிருக்குள்ளிருந்து ஆரஞ்சு அங்கி வெளியே வந்தது.

"நான் எப்ப சொன்னேன்?"

"நீதானேம்மா சொன்ன? சாயுது, தள்ளாடுது..."

"சாயுது. ஆனா இப்ப அது போற போக்குக்குப் பூமி மெல்லக் குளிரணும். அதுவும் ஆயிரம் ஆயிரமா வருஷம் ஆவும். நீங்க பாக்கற சூடு உங்க ஆயுசுக்குள்ள ஏறினது. பூமி ஆடற வேகத்துக்கு நம்ம மெட்ரோ ரயில் வேலையே ராக்கெட்."

"அப்போ யாருதான் காரணம்ன்ற?"

அந்த அம்மாள் கிடங்கின் பின்புறம் கரும்புகை கக்கிக்கொண்டிருந்த ஜெனரேட்டரைப் பார்த்தார். "நம்மதான்."

"அத்த நிறுத்தினா உன் சேறு இன்னாத்துக்கு ஆவும்?"

"நிறுத்தச் சொல்லல. என்னையும் சேத்துதான் நம்மன்னேன். பூமி மேல பழி போடாதீங்கன்றேன். அது இதுல இல்ல."

வியாபாரி வாடகையை ஏற்றித் தர முடியாது என்று சொல்லிவிட்டுப் போனார். அந்தச் சொல் தொற்று வியாதி போலிருக்கிறது. என்னை மட்டும் தொற்றவில்லை.

அந்த அம்மாளோடு பழகுவது சுகமான காரியம் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். கையெழுத்துப் போட்ட பேனாவைத் திருப்பித் தர மாட்டார். நான் 'பல யுகங்களாக' என்று பேச்சுவாக்கில் சொன்னால் எத்தனை யுகம் என்று கேட்பார். ஒத்துப்போவது என்பது அவருக்கு உடம்பிலேயே இல்லை. இப்போது எங்கே இருக்கிறார் என்று எனக்குத் தெரியாது. எங்கிருந்தாலும் யாரோ ஒருவருக்கு டீ ஆறிக்கொண்டிருக்கும்.

புளிப் பருவம் தொடங்குவதற்கு முன் அறைகளைக் கழுவுவது எங்கள் வழக்கம். அதைச் செய்பவர் ஏழுமலை. மூட்டை தூக்கும் ஆட்களுக்கு மேஸ்திரி, என் வயதுக்காரர். அவர் கழுவிய தரையில் இலை இல்லாமல் சோறு போடலாம். அந்த வருடம் அவர் மூன்றாம் அறையைக் கழுவிய மறுநாள் காலை, அந்த அம்மாள் வந்தபோது, காம்பவுண்டு சுவர் ஓரமாக மூன்று வெள்ளைக் குழாய்கள் வெயிலில் காய்ந்துகொண்டிருந்தன. உள்ளே ஒன்றும் இல்லை. பளபளவென்று இருந்தன.

ஏழுமலை பெருமையாக முன்னால் வந்தார். "மேடம், அடி ரேக்குல மூணு பைப்பு பூசணம் புட்ச்சு நாறிகினு இருந்துச்சு. உள்ள ஒரே சேறு. சோப்பு போட்டுத் தேச்சு வுட்டேன். பாரு, புத்சு மாரி கீது."

அந்த அம்மாள் திட்டினார். அம்பத்தூரில் பிறந்தவர் என்பதை அன்றுதான் முழுமையாக உணர்ந்தோம். அச்சில் ஏற்றத் தக்க ஒரு சொல்கூட அதில் இல்லை. திட்டி முடித்ததும், "தண்ணி எங்க போச்சு?" என்று கேட்டு, சாக்கடைத் தொட்டிக்கு ஓடி மண்டியிட்டார். சேறு எப்போதோ கால்வாய்க்குப் போய்விட்டிருந்தது. அடியில் சில பொடிக் கருங்கற்கள் மட்டும் தங்கியிருந்தன. ஏழுமலையும் காரணம் தெரியாமலே தொட்டிக்குள் இறங்கிப் பொறுக்கி, அவருடைய உள்ளங்கையில் வைத்தார்.

"இன்னா கல்லு மேடம் இது? வெல கூடினதா?"

"ஐஸ் மலை கொண்டாந்த கல்லுண்ணா. தென்துருவத்துப் பாறைய உரசிகினு வந்த ஐஸ் உடைஞ்சு, கடல்ல மிதந்து, உருகும்போது கீழ போட்டுட்டுப் போனது."

"கல்லுதான் கெட்ச்சிடுச்சே."

"கல்லு கிடைச்சுது. எந்தப் பட்டையில இருந்துச்சுன்றது போயிடுச்சு. எதுக்கு அப்புறம் எதுன்ற வரிசைதான் சரக்கே. சேறு எங்க ஊட்டு வாசல்லகூட கிடைக்கும்."

ஏழுமலை புரிந்துகொண்டார் என்பது அவர் முகத்தில் தெரிந்தது. தொட்டியை விட்டு ஏறவே இல்லை.

அந்த மூன்று குழாய்களோடு போனது, பனியுகம் ஒன்று முடிந்து சூடு திரும்பிய கட்டம். சூரியன் முதலில் மாறியதா, கடல் ஓட்டம் முந்திக்கொண்டதா என்று அவர் கண்டுபிடிக்க நினைத்த இடம். அதே திருப்பம் இன்னொரு முறை நடந்ததன் தடம் மீதிக் குழாய்களில் இருந்தது. அவையும் போனால் அவருக்குக் கேள்விதான் மிஞ்சும், பதில் எழுதப்பட்ட இடம் இருக்காது.

அதற்குள் முதலாளி வந்துவிட்டார். நஷ்டத்துக்கு யாராவது தன்னைக் கேட்பார்களோ என்ற பயம் அவருக்கு. பயந்த முதலாளி செய்யும் முதல் காரியத்தைச் செய்தார். "யோவ் ஏழுமலை, இன்னியோட உன் கணக்கு முடிஞ்சுது. கெளம்பு." பிறகு இந்தப் பக்கம் திரும்பி, "நீயும் மிச்ச பைப்பை எடுத்துகினு கெளம்பும்மா. மத்தியானம் புளி லோடு வருது. எனக்கு மூணாம் ரூமு வேணும்" என்றார்.

"நாலாம் ரூம் காலியாதானே கீது?"

"அது ஆஃப்ல கீது. ஓடவுட்டா கரண்டுக்கு எவன் கட்றது?"

"முடியாது" என்றார் அந்த அம்மாள். கையில் டீ கிளாஸ் இல்லை. அதனால் கல்லைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார். "ஏழுமலைய நான் திட்டியாச்சு. அதோட அது சரி. அவர அனுப்பவும் கூடாது, நான் போவவும் மாட்டேன்."

மத்தியானம் லாரி வந்தது. மெட்ரோ பள்ளத்தைச் சுற்றி வளைத்துக்கொண்டு வந்து, பாதி உடம்பை ரோட்டில் விட்டுவிட்டு நின்றது. பின்னால் வந்த வண்டிகள் எல்லாம் ஹாரனை அழுத்தின. மூன்றாம் அறை வாசலுக்கு உள்பக்கம், ஆரஞ்சு அங்கியும் குரங்குக் குல்லாவுமாக அந்த அம்மாள் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். அவருக்குப் பின்னால் சேறு. ஏழுமலை கேட்டுக்கு வெளியே, துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு நின்றார். போகவில்லை.

"மேனேஜரே, மூணாம் ரூமை ஆஃப் பண்ணு. சேறு உருகினா தன்னால கெளம்பும்" என்றார் முதலாளி.

நான் "பார்க்கலாம் சார்" என்றேன். என் நாக்கு செய்த ஒரே உருப்படியான வேலை அதுதான். அவர் மறுபடி சொன்னார். நான் மறுபடி பார்க்கலாம் என்றேன்.

முதலாளி நாற்காலிக்கு முன்னால் வந்து நின்றார். வாசல் குளிரில் குரல் லேசாக நடுங்கியது. "இன்னாம்மா நீ, பேஜாரா கீது. சரி, கேட்டுக்கோ. ஒண்ணு உன் பைப்பு இருக்கட்டும், அவன் போவட்டும். இல்ல, அவனை வெச்சுக்கறேன், நீ ரூமைக் காலி பண்ணு. ரெண்டுல ஒண்ணு சொல்லு."

"ரெண்டும்."

"ரெண்டுல ஒண்ணும்மா!"

"முடியாதுங்க. ரெண்டும்தான்."

கூலி ஆட்கள் நான்கு பேர் லாரி அருகில் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்கள். "இன்னாடா வேடிக்க? எறக்குங்கடா" என்றார் முதலாளி. யாரும் அசையவில்லை.

ஒருவன் மட்டும் தலையைச் சொறிந்தான். "மொத மூட்டைய மேஸ்திரி தூக்கணுமே முதலாளி."

பருவத்தின் முதல் மூட்டைக்குக் கற்பூரம் காட்டி, மேஸ்திரிதான் தோளில் ஏற்ற வேண்டும். அவர் அதை எந்த இடத்தில் இறக்குகிறாரோ, அதை ஒட்டித்தான் மொத்த அடுக்கும் எழும்பும். சரக்கெல்லாம் விற்றுப்போகும் வரை அந்த ஒரு மூட்டையை அசைக்கக்கூடாது. ஒரு வருடம் அவசரத்தில் அசைத்தபோது அதே வாரம் கம்ப்ரஸர் வெடித்தது. அன்றிலிருந்து இந்த வழக்கத்தை எங்கள் எல்லாரையும் விட அதிகமாக நம்பியவர் முதலாளிதான்.

ரோட்டில் ஹாரன் சத்தம் ஏறிக்கொண்டே போனது. ஒரு பஸ் டிரைவர் இறங்கி வந்து எங்கள் எல்லாருடைய பரம்பரையையும் விசாரித்தார். முதலாளி பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டைப் பார்த்துக் கத்தினார்.

"யோவ், வந்து அந்த ஒரு மூட்டையத் தூக்கிட்டுப் போய்த் தொலை."

ஏழுமலை உள்ளே வந்தார், ஆனால் லாரிக்குப் பக்கத்தில் நின்றுவிட்டார். "கணக்கு முட்ச்ச ஆளு மொத மூட்டையத் தொடலாமா முதலாளி? ஆவாதே."

"சரிய்யா, கணக்கு முடியல! வேலைலயே இரு! தூக்கு!"

கற்பூரம் எரிந்தது. ஏழுமலை மூட்டையைத் தோளில் வாங்கிக்கொண்டு நடந்தார். முதலாம் அறை, இரண்டாம் அறை. மூன்றாம் அறை வாசலில் அந்த அம்மாள் நாற்காலியின் கைகளை இறுகப் பிடித்துக்கொண்டார். ஏழுமலை அவரைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் தாண்டிப் போய், நாலாம் அறைக் கதவைக் காலால் தள்ளித் திறந்து, புழுக்கத்துக்கு நடுவில் மூட்டையைப் பொத்தென்று இறக்கினார்.

"டேய்! எவன்டா உன்ன அங்க வெக்கச் சொன்னது?"

"குந்திடுச்சு முதலாளி." ஏழுமலை துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். "வேணும்னா நீங்களே கைய வெச்சுத் தூக்குங்க."

முதலாளி மூட்டையைப் பார்த்தார். கம்ப்ரஸர் இருக்கும் திசையைப் பார்த்தார். கையை நீட்டவில்லை.

நான் போய் நாலாம் அறையின் சுவிட்சைப் போட்டேன். யாரும் போடச் சொல்லவில்லை. கம்ப்ரஸர் செருமி, ஃபேன் சுழல ஆரம்பித்தது. ஆட்கள் சிரித்துக்கொண்டே மூட்டைகளைத் தோளில் ஏற்றினார்கள். போகிற போக்கில் ஒவ்வொருவனும் மூன்றாம் அறை வாசலில் நின்று, அந்த ஆரஞ்சு அங்கியை எட்டிப் பார்த்தான்.

அந்த அம்மாள் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை. நன்றி என்று யாரிடமும் சொல்லவில்லை.

"இன்னா பாக்கறீங்க? கதவ சாத்துங்கப்பா, குளிர் போவுது" என்றார்.